கோதாவரியை அடக்கிய காட்டன்

ஆந்திரத்தில் கோதாவரி ஆறு கடலில் கலக்கும் பகுதிக்குப் போனால் ஓர் அதிசயத்தைக் காணலாம். பல ஊர்களில் ஒரு வெள்ளைக்காரரின் சிலை நிற்கிறது. சில ஊர்களில் அவர் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பிறந்த நாளில் உழவர்கள் வந்து மாலை போடுகிறார்கள். முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் அங்கே உண்டு.

அவர் ராஜா அல்ல. கவர்னரும் அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு என்ஜினீயர். பெயர் சர் ஆர்தர் காட்டன்.

வெள்ளைக்காரர்கள் நம் நாட்டை ஆண்டபோது தங்கள் ஆட்களுக்கு எத்தனையோ சிலைகள் வைத்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு அவற்றில் பல அகற்றப்பட்டன. ஆனால் காட்டனுக்கு நம் மக்களே சிலை வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் வைத்தார்கள்.

ஏன்?

பதில் கோதாவரியில் இல்லை. நம் காவிரிக் கரையில் இருக்கிறது. கதை அங்கேதான் தொடங்குகிறது.

18 வயது வாலிபர்

ஆர்தர் காட்டன் 1803-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். பெரிய குடும்பம். அவர் பத்தாவது மகன். அவ்வளவு பிள்ளைகள் உள்ள வீட்டில் சொத்தை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. ஆளுக்கு ஒரு தொழில் வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் ராணுவ என்ஜினீயர்களைப் பழக்க ஒரு பள்ளிக்கூடம் நடத்தியது. காட்டன் 15 வயதில் அதில் சேர்ந்தார். 1821-ல் சென்னை வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

முதல் வேலைகளில் ஒன்று பாம்பனில் கிடைத்தது. ராமேசுவரம் தீவுக்கும் கரைக்கும் நடுவே கப்பல் போக வழி உண்டா என்று கடலை அளந்து பார்க்கும் வேலை. பிறகு பர்மா யுத்தம் வந்தது. 1824 முதல் 1826 வரை அந்த யுத்தத்தில் இருந்தார். யுத்தம் முடிந்து திரும்பினார்.

1828-ல் காவிரிப் பாசனத்தைக் கவனிக்கும் வேலை அவரிடம் வந்தது. அவருடைய வாழ்க்கை அங்கே திரும்பியது.

வறண்டுபோன தஞ்சாவூர்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு என்ற இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை காவிரி. மற்றொன்று கொள்ளிடம். காவிரிக் கிளையின் தண்ணீர்தான் தஞ்சாவூர் வயல்களுக்குப் போகிறது. கொள்ளிடத்தில் இறங்கும் தண்ணீரில் பெரும் பகுதி நேரே கடலுக்குப் போய்விடும்.

அந்தக் காலத்தில் ஒரு தொல்லை ஏற்பட்டிருந்தது. கொள்ளிடம் பள்ளமாக இருந்தது. காவிரியின் வாயில் மணல் மேடிட்டுக்கொண்டே வந்தது. தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்? வருஷத்துக்கு வருஷம் கொள்ளிடத்துக்கு அதிகத் தண்ணீர் போயிற்று. காவிரிக்குக் குறைந்துகொண்டே வந்தது.

கடைமடை ஊர்கள் காய்ந்தன. நெல் விளைந்த வயல்கள் தரிசாயின. தென்னாட்டின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பூமி மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது.

சர்க்கார் என்ன செய்தது? ஆட்களை விட்டுக் காவிரியின் வாயில் மணலை வாரச் செய்தது. அடுத்த வெள்ளத்தில் மணல் திரும்ப வந்தது. மறுபடியும் வாரினார்கள். மணல் மறுபடியும் வந்தது.

காட்டன் வேறு விதமாக யோசித்தார். காவிரியில் மணலை வாரி என்ன பயன்? கொள்ளிடத்தின் தலைப்பில் ஒரு தடுப்பு எழுப்பினால் தண்ணீர் தானாகவே காவிரிக்குத் திரும்பாதா?

யோசனை நல்லதுதான். ஆனால் எப்படிக் கட்டுவது? அடியில் பாறை இல்லை. தோண்டத் தோண்ட மணல். மணல் மேல் சுவர் எழுப்பினால் முதல் வெள்ளத்திலேயே அடித்துக்கொண்டு போய்விடும். இங்கிலாந்தில் அவர் படித்த பாடத்தில் இதற்கு வழி இல்லை.

கல்லணை சொன்ன பாடம்

வழி பக்கத்திலேயே இருந்தது. முக்கொம்புக்குக் கிழக்கே கல்லணை இருக்கிறது. கரிகால் சோழன் கட்டியது என்று நாம் போற்றும் அணை. நூறு நூறு ஆண்டுகளாக வெள்ளத்தை எதிர்த்து நிற்கிறது. அதுவும் மணல் ஆற்றில்தான் நிற்கிறது!

காட்டன் கல்லணையை ஆராய்ந்தார். அதன் ரகசியம் புரிந்தது. பழைய தமிழர்கள் பாறையைத் தேடி ஆழத் தோண்டவில்லை. பெரிய பெரிய கற்களை ஆற்றில் போட்டார்கள். தண்ணீர் அடித்து, மணல் இளகி, கல் கீழே இறங்கும். மேலே இன்னும் கல் போட்டார்கள். அதுவும் இறங்கும். இப்படி இறங்கி இறங்கி ஒரு நாள் கல் அசையாமல் நிற்கும். அதுவே அஸ்திவாரம்! அதன் மேல் களிமண்ணும் கல்லுமாகக் கட்டினார்கள்.

மணலோடு அவர்கள் சண்டை போடவில்லை. மணலையே வேலை செய்ய வைத்தார்கள்.

பெயர் தெரியாத அந்தப் பழைய கொத்தர்களிடம்தான் தாம் இந்த வித்தையைக் கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். ஆளுகிற ஜாதி, ஆளப்படுகிற ஜாதி என்று பேதம் பார்த்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, தமிழ்நாட்டுத் தொழிலாளியை ஆசான் என்று ஒப்புக்கொள்வது லேசான காரியம் அல்ல.

1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணை எழுந்தது. கீழே அணைக்கரையில் மற்றோர் அணையும் எழுந்தது. காவிரிக்குத் தண்ணீர் திரும்பிற்று. தஞ்சாவூர் மறுபடியும் பச்சை உடுத்தது. சர்க்காருக்கு வரி வருமானம் ஏறிற்று. நிலத்தின் விலையும் ஏறிற்று.

அந்த மேலணை 182 ஆண்டுகள் உழைத்தது. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில்தான் அதன் 45 மதகுகளில் 9 மதகுகள் உடைந்து போயின. எத்தனை தலைமுறைக்கு அது சோறு போட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ரயிலும் கல்யாணமும்

காட்டன் தண்ணீர் ஒன்றை மட்டும் நினைத்தவர் அல்ல. 1837-ல் சென்னைக்கு அருகே செங்குன்றத்திலிருந்து சாலை போடக் கல் கொண்டுவர இரும்புப் பாதை போடப்பட்டது. இந்தியாவின் முதல் இரும்புப் பாதை அதுதான் என்பார்கள். அதிலும் காட்டனின் கை உண்டு.

இடையில் உடல்நலம் கெட்டது. கடல் காற்றுக்காக ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவுக்குப் போனார். அங்கே எலிசபெத் என்ற பெண்ணை 1841-ல் மணந்தார். மனைவியோடு இந்தியா திரும்பினார். விசாகப்பட்டினத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார்.

அப்போதுதான் கோதாவரி ஜில்லாவின் அழுகுரல் அவர் காதில் விழுந்தது.

நிறைந்த ஆறு, பட்டினி ஊர்

கோதாவரி சின்ன ஆறு அல்ல. நாசிக் அருகே பிறந்து 1,465 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் விழுகிறது. மழைக்காலத்தில் அது ஆறாக இராது. கடலாக இருக்கும். ராஜமுந்திரிக்குக் கீழே கரைக்குக் கரை பல மைல் அகலம்.

அவ்வளவு தண்ணீர் ஓடியும் கரையில் இருந்த மக்கள் பட்டினி கிடந்தார்கள். வெள்ளம் வந்தால் பயிர் அழுகும். வெள்ளம் வடிந்தால் பயிர் காயும். தண்ணீரைத் தடுத்து நிறுத்தி, வேண்டும்போது வயலுக்கு விட வழி இல்லை.

1833-ல் பஞ்சம் வந்தது. பக்கத்தில் உள்ள குண்டூர்ப் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்துக்கு இன்றும் குண்டூர்ப் பஞ்சம் என்றுதான் பெயர். கோதாவரிக் கரையும் அதில் அடிபட்டது. 1839-ல் பெரும் புயல். கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. உப்புத் தண்ணீர் நின்ற நிலம் பாழாயிற்று.

பிழைக்க வழியில்லாமல் மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ராஜமுந்திரி ஜில்லாவில் 1821-ல் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 20 ஆண்டுகள் கழித்து 1841-ல் எண்ணியபோது 5 லட்சத்து 61 ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். பிள்ளைகள் பிறந்து பெருக வேண்டிய காலத்தில் நாலில் ஒரு பங்கு ஜனங்களைக் காணோம்!

சர்க்காருக்கு வரியும் குறைந்தது. காரணம் என்ன என்று பார்த்துச் சொல்லக் காட்டனை 1844-ல் அனுப்பினார்கள்.

அவர் கண்ட காட்சி

அதற்கு முன்பும் அதிகாரிகள் பலர் அங்கே போயிருந்தார்கள். அவர்கள் கண்டது பாழ் நிலம், ஒட்டிய வயிறு, வராத வரிப்பாக்கி. அதைத்தான் மேலிடத்துக்கு எழுதினார்கள்.

காட்டனும் அதே நிலத்தைப் பார்த்தார். ஆனால் அவர் கண்ணுக்குத் தஞ்சாவூர் தெரிந்தது!

இது வெறும் கற்பனை அல்ல. அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். தஞ்சாவூரும் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் பூமி. இதுவும் அப்படித்தான். அங்கேயும் தரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. இங்கேயும் அப்படியே. அங்கே ஓடுவதைவிட இங்கே அதிகத் தண்ணீர் ஓடுகிறது. அங்கே இருந்து இங்கே இல்லாதவை இரண்டே இரண்டு. ஒன்று அணை. மற்றொன்று வாய்க்கால்.

அவர் குதிரை ஏறி ஆற்றங்கரையெங்கும் சுற்றினார். மட்டம் பார்த்தார். மணலைப் பார்த்தார். ராஜமுந்திரிக்குக் கீழே தவளேசுவரம் என்ற இடத்தில் ஆறு நடுவே தீவுகளால் நான்கு கிளையாகப் பிரிவதைக் கண்டார். கரையிலேயே கல் எடுக்க ஒரு குன்றும் இருந்தது. இதுதான் இடம் என்று தீர்மானித்தார்.

அறிக்கை எழுதினார். தஞ்சாவூரைச் சாட்சிக்கு அழைத்தார். அங்கே போட்ட பணம் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று கணக்குக் காட்டினார். பட்டினி கிடப்பவர்களைச் சொன்னால் இளகாத மனமும் வரி வருமானத்தைச் சொன்னால் இளகும் என்று அவருக்குத் தெரியும். கம்பெனி லாபத்துக்கு நடந்த கம்பெனிதானே!

1846-ல் அனுமதி கிடைத்தது. 1847-ல் வேலை தொடங்கியது.

10 ஆயிரம் பேரும் ஒரு குன்றும்

அனுமதி கிடைத்ததே தவிர, ஆட்கள் கிடைக்கவில்லை. அவர் பல என்ஜினீயர்களைக் கேட்டார். சர்க்கார் கொடுத்தது அனுபவம் இல்லாத சில இளைஞர்களை.

காட்டன் அந்த இளைஞர்களையே பழக்கினார். உள்ளூர் ஆட்களை நம்பினார். அவர்களில் முக்கியமானவர் வீணம் வீரண்ணா. தெலுங்கர். நில அளவையும் கட்டட வேலையும் தெரிந்தவர். தொழிலாளர்களைத் திரட்டுவதும் வேலை வாங்குவதும் அவர் பொறுப்பு. வீரண்ணா இல்லாவிட்டால் இந்த அணை இல்லை என்ற கருத்தைக் காட்டன் மறைக்காமல் சொன்னார். வீரண்ணாவுக்குப் பட்டமும் மரியாதையும் பிற்காலத்தில் கிடைத்தன. அணைக்கரையில் அவர் பெயர் இன்றும் பேசப்படுகிறது.

சுமார் 10 ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். குன்றில் வெடி வைத்துக் கல்லைப் பெயர்த்தார்கள். குன்றிலிருந்து ஆற்றுக்கு இரும்புப் பாதை போட்டுக் கல்லை வண்டியில் இறக்கினார்கள். தீவுகளுக்குப் படகில் ஏற்றிச் சென்றார்கள். கொத்தர்களும் தச்சர்களும் கொல்லர்களும் வந்து சேர்ந்தார்கள். ஆற்றங்கரையில் ஒரு புது ஊரே முளைத்தது.

ஆண்டில் சில மாதங்கள்தான் வேலை செய்ய முடியும். ஜூன் மாதம் வெள்ளம் வந்துவிடும். அதற்குள் எழுப்பிய வேலையை வெள்ளம் அடித்துப் பார்க்கும். எது நிற்கிறதோ அதுதான் மிச்சம். மறுபடியும் வெள்ளம் வடிந்த பிறகு தொடங்க வேண்டும்.

அஸ்திவாரத்துக்குக் கல்லணையின் வித்தையே கை கொடுத்தது. கல்லைக் கொட்டினார்கள். மணல் விழுங்கிற்று. மறுபடியும் கொட்டினார்கள். கடைசியில் மணல் தோற்றது.

தலைவர் இல்லாத இரண்டு ஆண்டுகள்

1848-ல் ஒரு சோதனை வந்தது. கோதாவரியின் வெயில் காட்டனைச் சாய்த்தது. உடம்பு தாங்கவில்லை. வேலையை விட்டு ஆஸ்திரேலியாவுக்கு ஓய்வுக்குப் போகும்படி ஆயிற்று.

அணை பாதியில் நிற்கிறது. தலைவர் இல்லை. வேலை நின்றுவிடும் என்று நினைப்பீர்கள்.

நிற்கவில்லை! கேப்டன் ஆர் என்ற என்ஜினீயர் பொறுப்பை ஏற்றார். வீரண்ணா இருந்தார். பழகிய இளைஞர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் அணை எப்படி முடிய வேண்டும் என்று தெரிந்திருந்தது. காட்டன் தம் எண்ணத்தைத் தம் தலைக்குள் பூட்டி வைத்திருக்கவில்லை. கூட இருந்தவர்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் திரும்பியபோது வேலை நடந்துகொண்டிருந்தது.

1852-ல் அணை முடிந்தது. நான்கு கிளைகளிலும் சேர்த்து இரண்டு மைலுக்கு மேல் நீளம். 12 அடி உயரம்.

ஆற்றின் நடுவே நாகரம் என்ற தீவு இருக்கிறது. அதற்கும் தண்ணீர் போக வேண்டும். ஆற்றின் மேலேயே ஒரு தொட்டிப்பாலம் கட்டினார்கள். 49 வளைவுகள். ஒவ்வொன்றும் 40 அடி அகலம். கீழே ஆறு ஓடும். மேலே வாய்க்கால் ஓடும்! அதைக் கட்டியவர் ஹெய்க் என்ற இளம் அதிகாரி. அடுத்த வெள்ளம் வருவதற்குள், சில மாதங்களில் கட்டி முடித்தார்.

கேப்டன் ஆர் சும்மா இருந்தாரா? இங்கே கற்ற வித்தையை எடுத்துக்கொண்டு கிருஷ்ணா ஆற்றுக்குப் போனார். விஜயவாடாவில் அணை கட்டினார். 1855-ல் அதுவும் முடிந்தது. கல்லணையின் பாடம் கொள்ளிடத்துக்குப் போய், கொள்ளிடத்திலிருந்து கோதாவரிக்குப் போய், கோதாவரியிலிருந்து கிருஷ்ணாவுக்கும் போய்விட்டது.

சோறும் படகும்

வாய்க்கால்களில் தண்ணீர் ஓடியது. ஓடிப்போன மக்கள் ஊர் திரும்பினார்கள். புதிய ஊர்களும் உண்டாயின. பஞ்சத்துக்குப் பேர்போன ஜில்லா மற்ற ஜில்லாக்களுக்கு அரிசி அனுப்பத் தொடங்கியது. 1876-ல் தென்னாடு முழுவதும் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்து ஆடியது. லட்சக்கணக்கில் மக்கள் செத்து விழுந்தார்கள். அந்தக் கொடுமையிலும் கோதாவரிப் பாசன ஊர்களில் நெல் விளைந்தது.

வாய்க்காலைக் காட்டன் பாசனத்துக்கு மட்டும் வெட்டவில்லை. படகு போகும்படி அகலமாக வெட்டினார். விளைந்த நெல் விளைந்த இடத்திலேயே கிடந்தால் உழவனுக்கு என்ன லாபம்? படகில் ஏற்றினால் குறைந்த செலவில் சந்தைக்குப் போகும். அவர் கண்ணுக்கு ஒரே வாய்க்காலில் வயலும் தெரிந்தது, சந்தையும் தெரிந்தது.

தோல்வியும் உண்டு

காட்டன் தொட்டதெல்லாம் பொன்னாகவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

துங்கபத்திரை ஆற்றிலிருந்து கர்நூல், கடப்பை வழியாகப் பெரிய கால்வாய் வெட்டலாம் என்று அவர் ஊக்கம் கொடுத்தார். லண்டனில் அதற்கென்று ஒரு கம்பெனி கிளம்பியது. கால்வாய் வெட்டினார்கள். செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் போயிற்று. ஆனால் தண்ணீர் வாங்க உழவர்கள் முன்வரவில்லை.

ஏன்? அது கரிசல் பூமி. மழை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோளமும் பருத்தியும் கொடுக்கும் மண். நல்ல மழை பெய்த ஆண்டில் உழவனுக்குக் கால்வாய்த் தண்ணீர் தேவைப்படவில்லை. தேவையில்லாத தண்ணீருக்கு யார் காசு கொடுப்பார்கள்? கம்பெனி நஷ்டப்பட்டது. கடைசியில் 1882-ல் சர்க்காரே கால்வாயை வாங்கிக்கொண்டது.

கோதாவரி மண் தஞ்சாவூர் மண்ணைப் போன்றது. கர்நூல் மண் அப்படிப்பட்டது அல்ல. மண்ணோடு ஒத்துப் பார்த்த இடத்தில் காட்டனின் எண்ணம் ஜெயித்தது. மண் வேறாக இருந்த இடத்தில் தோற்றது. கண்ணுக்குத் தூரத்தில் இருப்பது தெரிந்தால் போதாது. காலடியில் இருப்பதும் தெரிய வேண்டும்.

பார்லிமெண்டின் முன்னே

1861-ல் காட்டனுக்கு சர் பட்டம் கிடைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்தில் வாழ்ந்தார். ஆனால் வாய் ஓயவில்லை.

அப்போது சர்க்கார் ரயில் பாதைகளுக்குக் கோடிக் கணக்கில் செலவு செய்தது. பாசனத்துக்குக் கொடுத்தது குறைவு. காட்டன் இதை எதிர்த்தார். ரயில் பட்டினி ஊருக்கு அரிசியைக் கொண்டு போகும். ஆனால் அரிசியை விளைவிக்காது. தண்ணீர்தான் விளைவிக்கும். முதலில் தண்ணீரைக் கொடுங்கள் என்பது அவர் வாதம். ஆறுகளைக் கால்வாய்களால் இணைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

1878-ல் பார்லிமெண்டின் விசாரணைக் கமிட்டி முன்னால் அவர் சாட்சி சொன்னார். அப்போது அவருக்கு 75 வயது. கர்நூல் தோல்வியை எடுத்துக்காட்டி அவரை மடக்கினார்கள். அவருடைய திட்டங்களை நம்ப முடியாது என்றார்கள். கமிட்டி அவர் பக்கம் சாயவில்லை.

அவர் மனம் உடையவில்லை. டார்கிங் என்ற ஊரில் தம் வீட்டு நிலத்தில், முதுமையிலும் கோதுமை பயிரிட்டுச் சோதனை செய்தார். ஆழமாகக் கொத்தினால் விளைச்சல் கூடுமா என்று பார்த்தார். 96 வயதில், 1899-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி காலமானார்.

இன்றும் ஓடுகிறது

காட்டன் கட்டிய கோதாவரி அணை ஏறக்குறைய 130 ஆண்டுகள் நின்றது. பழசான பிறகு அதன் அருகிலேயே புதிய அணை கட்டினார்கள். 1982-ல் வேலை முடிந்தது. சுதந்திர இந்தியா கட்டிய அந்த அணைக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? சர் ஆர்தர் காட்டன் அணை! தவளேசுவரத்தில் அவர் பெயரில் ஒரு பொருட்காட்சிச் சாலையும் இருக்கிறது. கோதாவரிப் பாசனத்தில் இன்று சுமார் 10 லட்சம் ஏக்கர் விளைகிறது.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். மக்கள் ஏன் அவருக்குச் சிலை வைத்தார்கள்?

அணை கட்டியவர்கள் எத்தனையோ பேர். பதவியில் அவரைவிடப் பெரியவர்கள் அன்று நூறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கண் இருந்தது. அவர்களும் அதே பாழ் நிலத்தைப் பார்த்தார்கள். பாழ் நிலமாகவே பார்த்தார்கள். ஜனங்கள் சோம்பேறிகள் என்றும், பூமி சாபம் பெற்றது என்றும் நினைத்துக்கொண்டு திரும்பிப் போனவர்களும் உண்டு.

காட்டன் இன்று உள்ளதையும் பார்த்தார், நாளை வரக்கூடியதையும் பார்த்தார். தலைமை தாங்குகிறவனுக்கு வேண்டிய பார்வை இதுதான். அது வானத்திலிருந்து வந்த வரம் அல்ல. தஞ்சாவூரைக் கண் திறந்து பார்த்ததால் வந்தது. கல்லணையைக் கட்டிய பெயர் தெரியாத தொழிலாளியிடம் பணிந்து கற்றதால் வந்தது.

வீட்டைக் காக்கும் தாய் தகப்பனுக்கும் இது பொருந்தும். ஊர்ப் பெரியவருக்கும் பொருந்தும். பிள்ளை இன்று எத்தனை மார்க்கு வாங்கினான் என்று பார்ப்பது எளிது. அவன் என்ன ஆகக்கூடும் என்று பார்ப்பது கடினம். அதைப் பார்த்து, அதற்கு வேண்டிய வாய்க்காலை இன்றே வெட்டத் தொடங்குகிறவர்தான் அந்த வீட்டுக்குத் தலைவர்.

முக்கொம்பு வழியாகப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். அங்கே பிரியும் தண்ணீர் காவிரி வழியாகத் தஞ்சாவூர் வயலுக்குப் போகிறது. அங்கே கிடைத்த அறிவு கோதாவரி வரை போயிருக்கிறது.